நாக்கில் வைத்துப் பார்க்கிறவர்

எனக்குத் தெரிந்து அவரைப்போலப் பயந்த மனிதர் அந்தத் தோட்டத்தில் இன்னொருவர் கிடையாது. இடி இடித்தால் பயம். நாய் குரைத்தால் பயம். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது, தன் பேருக்கு முந்தின பேர் வந்ததுமே அவர் தோளில் கிடக்கும் துண்டைத் திருக ஆரம்பித்துவிடுவார். "இருக்கேன்" என்று சொல்வதற்குள் கங்காணி இரண்டு தடவை கத்திவிடுவார். ரப்பர் பால் வாளியோடு நிற்கும் பெண்கள் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். எனக்கு அப்போது பதினெட்டு வயது. கல்யாணமாகி ஏழெட்டு மாதம். எதைக் கண்டாலும் சிரிப்பு வரும்.

மலாயாவில், கெடா மாநிலத்தில், பாடாங் மேஹாவுக்கு உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம் அது. அவர் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் செடிகொடி பார்க்கிறவர். நாற்பது தாண்டியிருக்கும். பெண்டாட்டி பிள்ளை இல்லை. அவருக்கும் ஒரு பேர் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் அது எல்லாருக்கும் மறந்துபோய், கிழங்குக்காரர் என்றே ஆகிவிட்டார். நான் அண்ணே என்பேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

மரவள்ளிக்கிழங்கு எதுவானாலும், யார் கொடுத்தாலும், அவர் முதலில் செய்வது ஒன்றுதான். இடுப்பில் செருகியிருக்கும் சின்னக் கத்தியால் உள்தோலோடு நகத்தளவு சீவுவார். கண்ணை மூடிக்கொண்டு நாக்கு நுனியில் வைப்பார். உடனே துப்பிவிட்டு, வாயை மூன்று முறை கொப்பளித்துவிட்டு, யாரோ தன்னை அடிக்க வருவதுபோல உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொல்வார், "இது வாய்க்கு ஆகும்" என்றோ "ஆகாது" என்றோ.

பங்களாவுக்குப் பின்னால் துரைசாணிக்காக ஒரு பாத்தி மரவள்ளி போட்டிருந்தார். துரைசாணி அதை நெய்யில் வறுத்துச் சாப்பிடுவாளாம். மேசைக்குப் போகிற கிழங்கில் ஏதாவது ஆகிவிட்டால் தன்னை ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று பயந்துதான் அந்த வழக்கம் தொடங்கியது என்று அவரே எங்களிடம் சொல்லியிருக்கிறார். அதற்கும் சிரித்தோம்.

ஜப்பான்காரன் வந்துகொண்டிருக்கிறான் என்றதும் துரையும் துரைசாணியும் காரில் ஏறித் தெற்கே ஓடிவிட்டார்கள். அன்று மத்தியானமே தோட்டத்து ஜனம் பங்களாவுக்குள் புகுந்தது. நாற்காலி, மெத்தை, பீங்கான் தட்டு என்று கைக்குக் கிடைத்ததைத் தூக்கினார்கள். என் வீட்டுக்காரர்கூட ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். கிழங்குக்காரர் மட்டும் பின்பக்கமாகப் போய், அந்தப் பாத்தியில் இருந்த செடிகளை வெட்டி, குச்சிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"விறகுக்கா அண்ணே?" என்று கேட்டேன்.

"பாத்திரம் பண்டமெல்லாம் எடுக்கப் பயமா இருக்கு தங்கச்சி. இதை யாரும் தேடிட்டு வரமாட்டாங்க."

பத்து நாளில் ஜப்பான்காரன் தேடிக்கொண்டு வந்தான். துரை வீட்டுச் சாமான் வைத்திருந்தவர்களை ரப்பர் மரத்தில் கட்டி வெயிலில் நிறுத்தினான். ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்தது. என் வீட்டுக்காரர் கடிகாரத்தை முந்தின நாளே கக்கூஸ் குழியில் போட்டிருந்தார். அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அவருடைய பயத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எங்களுக்கும் அது வந்துவிட்டது.

அரிசி முதலில் குறைந்தது, பிறகு நின்றது. பால்மரம் வெட்டி என்ன பயன், வாங்க ஆளில்லை. பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுக் கிழங்கு போடச் சொல்லி உத்தரவு வந்தது. துரை போனபிறகு தோட்டத்தை நடத்தியவர் ஆபீஸில் கணக்கு எழுதிய கிராணி. அவர் ஒரு லாரி நிறைய மரவள்ளிக் குச்சிகளை எங்கிருந்தோ இறக்கினார். நடுகிற வேலைக்குக் கிழங்குக்காரரை மேலாளாகப் போட்டார். குச்சிகளோடு கொஞ்சம் கிழங்கும் வந்திருந்தது. அவர் வழக்கம்போலச் சீவி நாக்கில் வைத்தார். வைத்தவர் முகம் கோணிப்போய்விட்டது.

"ஐயா, இது மாவு மில்லுக்குப் போடுற ரகம். வாய்க்கு ஆகாதுங்க."

"எவ்வளவு விளையும்?" என்றார் கிராணி.

"ஒரு செடியைப் பிடுங்கினா தூக்க ரெண்டு ஆள் வேணும். மண்ணு எப்படி இருந்தாலும் வரும். நோய் பிடிக்காது. பன்னிகூடக் கிட்ட வராது. பன்னி தொடாத கிழங்கைப் பாத்தா எனக்குப் பயம் ஐயா."

"அவங்க கேக்கறது எடை. ருசியைக் கேக்கல. நடு."

அவர் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. ரோட்டோரத்து மேடு முழுக்க அந்தக் கசப்பு ரகத்தையே நட்டார். ஆனால் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குப் பின்னால், சரிவில், கண்ணுக்குப் படாத இடமாகப் பார்த்துத் தான் கொண்டுவந்த துரைசாணிப் பாத்திக் குச்சிகளை நட்டார். செடி வளர்ந்ததும் வெட்டி வீட்டுக்கு நாலு குச்சி கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து ஒரே பாடத்தைச் சொன்னார்.

"இது ஏழு மாசத்துப் பயிர் தங்கச்சி. சரிவு நிலம் கேக்கும், தண்ணி நின்னா அழுகிடும். மேல்தோலு காப்பிக் கலரு, உள்தோலு ரோசு, சதை வெள்ளை. வேகவச்சா வெடிச்சு மாவாப் பூக்கும். ஏழு மாசம் தாண்டவிடாத, நடுவுல கயிறு மாதிரி நார் ஓடிடும். பிடுங்கின அன்னைக்கே ஆக்கிடணும், மறுநாள் உள்ளுக்கு நீலக்கோடு விழும். செடிக்கு மூணு கிழங்குதான், அதிகமா எதிர்பாக்காத. பன்னிக்கும் இது பிடிக்கும், அதனால வேலி போடு."

"மேட்டுல இருக்கறதும் பாக்க இதே மாதிரிதானே அண்ணே இருக்கு?"

"அதுதான் எனக்குப் பயம். இலைக்காம்பு அதுல கொஞ்சம் கூடச் சிவப்பு. ஆனா காம்பை மட்டும் நம்பிடாத, நெழல்ல வளந்தா நிறம் மாறும். பசி தாங்காம அதைத்தான் எடுத்தேன்னா, தோலைச் சுத்தமா உரி, சின்னதா நறுக்கு, மூணு நாள் தண்ணியில ஊறப்போடு. தெனம் தண்ணிய மாத்து. அப்புறம் மூடி போடாம வேகவை. சாப்பிடும்போதும் பயந்துக்கிட்டே சாப்பிடு."

மூன்று நாள் ஊறவைக்கிற பொறுமை பசிக்கு ஏது? எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒரு குடும்பம். புருஷன் காய்ச்சலில் கிடந்தார். அவள் மேட்டில் போய்த் திருட்டுத்தனமாக இரண்டு கிழங்கைப் பிடுங்கிவந்து, யாரும் பார்ப்பதற்குள் அவசர அவசரமாகத் தோலோடு வெட்டிப் போட்டு, வாசம் வெளியே போகாமல் இருக்க மூடியும் போட்டு வேகவைத்தாள். தான் தின்னாமல் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் இரண்டும் போய்விட்டன. சின்னதுக்கு வாயில் நுரை தள்ளியதை நான் பார்த்தேன். கிழங்குக்காரர் ஓடிவந்தார். வாசலுக்கு வந்தவர் உள்ளே நுழையப் பயந்து, அங்கேயே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து அவர் புதிதாக ஒரு வேலையை எடுத்துக்கொண்டார். உலை வைக்கிற நேரத்தில் வீடு வீடாக வருவார். சொல்லாமல் கொள்ளாமல் அடுப்படிக்குள் நுழைவார். சட்டியில் இருப்பதைக் கரண்டியால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஒரு நாள் என் வீட்டில் அப்படி வைத்துப் பார்த்தவர், சட்டியை அப்படியே தூக்கி வெளியே கொட்டிவிட்டார். இரண்டு நாளுக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த சாப்பாடு அது. சரிவிலிருந்து நான்தான் பிடுங்கிவந்தேன், நல்ல ரகம்தான் என்று சத்தியம் பண்ணினேன்.

"மேட்டுக் குச்சி ஒண்ணு கலந்திருக்கு தங்கச்சி. லேசாக் கசக்குது."

என் வீட்டுக்காரர் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "பசின்னா என்னான்னு தெரியுமாய்யா உனக்கு? உன் பயத்துக்கு நாங்க பட்டினி கிடக்கணுமா?"

கிழங்குக்காரர் திமிறாமல் நின்றார். அடி விழும் என்று கண்ணை மூடியிருந்தார். ஆனால் கொட்டியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. சட்டையை விட்டதும் போனார். திரும்பி வந்து, தன் பங்குக் கிழங்கை உரித்து நறுக்கிக் கொண்டுவந்து என் அடுப்படியில் வைத்தார். மண்ணில் கிடந்ததை இரண்டு கோழிகள் கொத்தியிருந்தன. மறுநாள் காலையில் ஒன்று செத்துக்கிடந்தது. என் வீட்டுக்காரர் அந்தக் கோழியைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் அண்ணன் தம்பிபோல ஆகிவிட்டார்கள்.

இரண்டாம் வருஷம் எல்லைக்கு அப்பால் சயாம் தேசத்துக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். ரயில் ரோடு போடுகிற வேலை, மூன்று மாதம்தான், அரிசிச் சாப்பாடு, திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்றார்கள். முதல் லாரியில் போனவர்களில் ஒருவரும் வரவில்லை. இரண்டாவது லாரிக்குப் பத்துப் பேர் வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, கிராணி களத்தில் நின்று பட்டியலை வாசித்தார். முதல் பேரே கிழங்குக்காரர் பேர். ஒண்டிக்கட்டை, அழ ஆளில்லை என்று முதலில் எழுதியிருப்பார்போல. என் வீட்டுக்காரர் பேர் அதில் இல்லை. எனக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம். சந்தோஷத்தில் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கிழங்குக்காரர் அந்த இடத்திலேயே வாந்தியெடுத்தார்.

லாரி வரும் நாளுக்கு நாலு நாள் முன்னால், பாலிங் ரோட்டில் போய்க்கொண்டிருந்த பட்டாளத்து லாரிகள் இரண்டு எங்கள் மேட்டோரம் வந்து நின்றன. மத்தியான நேரம். இருபது சிப்பாய்கள் இருப்பார்கள். இறங்கியதும் மேட்டுக் கிழங்கைக் காட்டிப் பிடுங்கச் சொன்னார்கள். பெண்கள் நாங்கள் பிடுங்கினோம், ஆண்கள் விறகு வெட்டினார்கள். எண்ணெய் பீப்பாயில் தண்ணீர் கொதித்தது. அரைகுறையாகத் தோல் சீவி உள்ளே போட்டார்கள். அத்தனையும் கசப்பு ரகம்.

கிழங்குக்காரர் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தார்.

என் வீட்டுக்காரர் விறகை அடுக்குவதுபோல அவர் பக்கம் குனிந்து, "வாயத் திறந்துடாதீங்கண்ணே. திங்கட்டும்" என்றார்.

நானும் சொன்னேன். மறைக்க மாட்டேன். "ஆமாண்ணே. இவனுங்க செத்தா உங்களைச் சயாமுக்குக் கொண்டுபோக ஆளில்ல."

"இவங்க செத்தா நாளைக்கு வேற லாரி வரும் தங்கச்சி" என்றார் அவர். "லயத்துல ஒரு குஞ்சு குளுவானை விடமாட்டான்." பல் ஒன்றோடொன்று அடித்ததில் பாதி வார்த்தை விளங்கவில்லை.

அப்போது ஒரு சிப்பாய், முகத்தில் பருவோடு இருந்த சின்ன வயசுக்காரன், பசி பொறுக்காமல் பச்சைக் கிழங்கை ஒரு கடி கடித்தான். கிழங்குக்காரர் மரத்துக்குப் பின்னாலிருந்து பாய்ந்தார். ஜப்பான்காரனைக் கண்டால் தலை தரையில் படக் குனிகிற மனிதர், ஓடிப்போய் அந்தச் சிப்பாயின் கையில் ஓங்கித் தட்டினார். கிழங்கு தெறித்து விழுந்தது. "ராச்சுன்! ராச்சுன்!" என்று கத்தினார். மலாயில் அதற்கு விஷம் என்று அர்த்தம்.

துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் ஒன்று விழுந்தது. கீழே கிடந்தபடியே திரும்பத் திரும்ப அதையே சொன்னார். வாள் கட்டியிருந்த அதிகாரி வந்தான். கிராணியை இழுத்துவந்து கேட்கச் சொன்னான். கிராணி மலாயில் கேட்டு, தமிழில் சொன்னார்.

"இது விஷம்னா உங்க ஆளுங்க ஏன் நட்டாங்கன்னு கேக்கறான். விஷம் இல்லைன்னா, சாப்பாட்டை ஒளிக்கப் பொய் சொல்றே, தலை போயிடும்ங்கறான்."

"மாவுக்கு நட்டதுன்னு சொல்லுங்க ஐயா. ஊறவச்சா மாவாகும். அப்படியே தின்னா ஆள் போயிடும்."

அதிகாரி ஒரு தகரக் குவளை நிறையப் பீப்பாயிலிருந்து அள்ளினான். அவர் முன்னால் வைத்தான். "மாக்கான்" என்றான். தின்னு.

அவர் எங்களைப் பார்த்தார். பிறகு தின்றார். அவசரப்படாமல் மென்று, ஒவ்வொரு வாயாக விழுங்கினார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குவளை காலியானதும் அவரை வெயிலில் முட்டிபோட வைத்தார்கள். சுற்றி எல்லாரும் நின்றோம். ஒன்றும் ஆகவில்லை. அதிகாரி வாளின் பிடியில் கை வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தான். மாரியாத்தா, விஷம் ஏறட்டும், சீக்கிரம் ஏறட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். ஒரு மனுஷனுக்கு அப்படி வேண்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

நிழல் கொஞ்சம் நகர்ந்தது. அவர் தலை ஆட ஆரம்பித்தது. பிறகு குடலே வெளியே வருகிறாற்போல வாந்தியெடுத்து, கண் சொருகி, மண்ணில் விழுந்து காலை உதைத்துக்கொண்டார். அதிகாரி குனிந்து பார்த்தான். காலால் பீப்பாயை எட்டி உதைத்தான். ஏதோ சொன்னான். எல்லாரும் லாரியில் ஏறிப் போய்விட்டார்கள். பருமூஞ்சிப் பையன் மட்டும் லாரியிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

என் வீட்டுக்காரர்தான் அவரை முதுகில் போட்டுக்கொண்டு வந்தார். ஒளித்து வைத்திருந்த கடைசி வெல்லக்கட்டியைக் கரைத்து நான் வாயில் விட்டேன். விட்டதெல்லாம் வெளியே வந்தது. மறுநாள்தான் கொஞ்சம் தங்கியது. லயம் முழுக்க அவருக்காகக் கும்பிட்டது.

லாரி வந்த நாள் நான் விறகுக்குப் போயிருந்தேன். நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். ஒன்பது பேர் ஏறிவிட்டார்கள். கிராணியும் ஒரு சிப்பாயும் கிழங்குக்காரர் வீட்டுக்குப் போனார்கள். அவர் பாயில் கிடந்தார். சிப்பாய் காலால் உதைத்தான். அசையவில்லை. "செத்துக்கிட்டிருக்கான்" என்றார் கிராணி. ஆனால் பத்துப் பேர் வேண்டும். சிப்பாய் திரும்பினான். வாசலில் என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். கிழங்குக்காரருக்குக் குடிக்கக் கிழங்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கையிலிருந்த போணியைக்கூடக் கீழே வைக்கவிடவில்லையாம்.

நான் ஓடிவந்தபோது புழுதி மட்டும் இருந்தது.

ஒரு வாரத்தில் கிழங்குக்காரர் குச்சி ஊன்றி எழுந்தார். அவரைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த ஆள் அன்றைக்கு மேட்டில் வாயை மூடிக்கொண்டிருந்தால் லாரியில் இவரே போயிருப்பார் என்று நினைப்பேன். மூடியிருந்தால் லயமே இருந்திருக்காது என்றும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? தினமும் காலையில் என் வாசலில் உரித்து, நறுக்கி, கழுவிய கிழங்கு இலையில் இருக்கும். முதல் இரண்டு மாதம் எடுத்து வீசினேன். வயிறு பெரிதானபிறகு வீசவில்லை. மகள் பிறந்தாள். பால் சுரந்தது அந்தக் கிழங்கால்தான். கசக்கிறதா என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர் பார்த்திருப்பார்.

சண்டை முடிந்து சில மாதம் கழித்துச் சயாமிலிருந்து ஒரே ஒருவர் திரும்பினார். எங்கள் லாரியில் போனவர். காலில் எலும்பு தெரிகிற புண். அவர்தான் சொன்னார், என் வீட்டுக்காரர் போன நாலாம் மாதமே வாந்திபேதியில் போய்விட்டார், மூங்கிலை அடுக்கி எரித்தோம் என்று.

அன்று சாயங்காலம் கிழங்குக்காரர் வந்தார். அந்த மூன்று வருஷத்தில் அவர் என் வாசப்படியைத் தாண்டியதில்லை. அன்றும் தாண்டவில்லை. வெளியே தரையில் உட்கார்ந்தார். மகள் என் மடியில் இருந்தாள்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும்."

நான் மகள் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

"லாரி வந்த அன்னைக்கு விடியக்காலையில நான் எந்திரிச்சேன். செவுத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தண்ணித் தொட்டி வரைக்கும் போனேன். மொகம் கழுவுனேன். நடக்க முடிஞ்சுது." அவர் தரையைப் பார்த்தே பேசினார். "லாரிச் சத்தம் கேட்டுச்சு. திரும்ப வந்து படுத்துட்டேன். அவன் ஒதைச்சான். கண்ணைத் தொறக்கல. தம்பி குரல் வாசல்ல கேட்டுச்சு. அப்பவும் தொறக்கல."

மகள் என் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அதை இன்னும் கழற்றவில்லை. அவள் விரலைப் பிரித்துவிட்டேன்.

"அன்னைக்கு மேட்டுல," என்றேன், "பட்டாளத்துக்காரன் கையில போய்த் தட்டுனீங்களே. அப்ப மட்டும் பயம் இல்லையா?"

"அதுக்கு யோசிக்க நேரம் இல்ல தங்கச்சி" என்றார். "இதுக்கு நாலு நாள் யோசிச்சேன்."

அதைச் சொல்லிவிட்டு அவர் போகாமல் இருந்தார். நான் அடிப்பேன் என்றோ கூச்சல் போட்டு லயத்தைக் கூட்டுவேன் என்றோ எதிர்பார்த்திருக்க வேண்டும். அதற்காகத்தான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். மகள் பசியில் அழ ஆரம்பித்தாள். நான் எழுந்து உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். திரும்பிப் பார்த்தபோது வாசலில் அவர் இல்லை.

அவர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவரை மன்னிக்கவும் இல்லை. மகள் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டு, அவர் பின்னாலேயே சரிவில் சுற்றி வளர்ந்தாள். தடுக்கவில்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது அவர் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் செத்துப்போனார். லயத்துச் சனம் முழுக்க வந்தது. மகள் தேம்பித் தேம்பி அழுதாள். என் கண்ணில் தண்ணீர் வரவில்லை.

குளிப்பாட்டுவதற்குச் சொந்தக்காரர் யாராவது தண்ணீர் எடுத்துக் கொடுங்கள் என்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் போய்த் தொட்டியிலிருந்து மொண்டு கொடுத்தேன்.